காவலர்க்குக் கல்லூரி வேண்டுமா?

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துப் பெர்க்லி நகரில் ஆகஸ்ட் வோல்மர் என்றொரு தபால்காரர் இருந்தார். பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு மேல் அவர் படித்தாரில்லை. 1905-இல் நகர மக்கள் அவரைத் தம் காவல் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். காவலர் கல்லூரிக் கல்வி பெற்றவராயிருத்தல் வேண்டும் என்று அந்நாட்டில் வற்புறுத்தியவர்களுள் இவரே முன்னோடி என்றால் உங்களுக்கு வியப்பாயிருக்கும்.

தமக்கு வாய்க்காததைப் பிறரிடம் அவர் ஏன் எதிர்பார்த்தார்? தெருமுனையில் நிற்கும் காவலனை எண்ணிப் பாருங்கள். தீர்ப்புக் கூறும் நீதிபதிக்கு நாட்கணக்கில் அவகாசம் உண்டு. எதிரே வக்கீல்கள் உண்டு. கையெட்டும் தொலைவில் சட்ட நூல்கள் உண்டு. காவலனுக்கோ ஒரு நொடிதான். குடித்துவிட்டுப் புலம்புகிறவனைக் கைது செய்வதா, வீட்டுக்கு அனுப்புவதா, மருத்துவமனைக்கு அழைத்துப் போவதா என்பதை அவன் தனியே நின்று முடிவு செய்கிறான். சட்டமும் மனித மனமும் ஓரளவேனும் அறியாதவனிடம் அந்த நொடியை எப்படி ஒப்படைப்பது?

வோல்மர் 1908-இல் காவலர் பள்ளியொன்றைத் தொடங்கினார். 1916-இல் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்திலேயே அவர்களுக்குப் பாடத்திட்டம் அமைந்தது. மாணவர்களையும் அவர் பணியில் சேர்த்தார். உடலியலில் டாக்டர் பட்டம் பெற்ற ஜான் லார்சன் என்ற காவலர் 1921-இல் பொய் காணும் கருவியொன்றை அமைத்தார். அக்கருவி சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பது வேறு கதை. என் மனத்தைக் கவர்ந்தவர் வால்டர் கார்டன். கறுப்பினத்தவரான அப்பட்டதாரி 1919-இல் பெர்க்லிக் காவலரானார். சீருடையுடனிருந்த காலத்திலேயே சட்டம் பயின்று 1922-இல் அப்பட்டமும் பெற்றார். பிற்காலத்தில் வர்ஜின் தீவுகளின் கவர்னராகவும் விளங்கினார்.

1967-இல் ஜனாதிபதி ஜான்சன் நியமித்த குழு, காவலர் அனைவரும் பட்டதாரிகளாவதே இறுதி இலக்கு என்றது. மறு ஆண்டே காவலர் படிப்புக்கு அரசாங்கம் பணம் ஒதுக்கியது. பணம் வந்ததும் கல்லூரிகள் பல அவசர அவசரமாக வகுப்புகளைத் திறந்தன. அவற்றிற் பலவும் வெறும் தொழிற்பயிற்சியாகவே இருந்தன என்று 1978-இல் வேறொரு குழு கண்டித்தது. வேலையில் இருப்பவர்க்குக் கல்வி தருவதைவிடக் கற்றவரை வேலைக்கு எடுப்பதே மேல் என்றும் யோசனை கூறியது. கண்டனத்தை ஒப்புகிறேன், யோசனையை ஒப்பேன்.

ஏனெனில், வாயிலில் பட்டத்தைக் கேட்டால் வெளியே நிற்பவர் யார்? டல்லஸ் நகரம், காவலராக வருவோர் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் கல்லூரிப் படிப்பை முடித்திருத்தல் வேண்டும் என விதித்தது. அவ்விதி கறுப்பின விண்ணப்பதாரரை மிகுதியாக விலக்கியது. வழக்கு எழுந்தது. காவலர் தொழில் பொதுமக்களின் உயிரோடு தொடர்புடையது, ஆகவே விதி தகும் என 1985-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொழிலின் பெருமையை நீதிபதிகள் நன்குணர்ந்தனர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கல்லூரிச் சம்பளம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளையின் அறிவை அவ்விதி அளக்கவில்லை; அவன் தந்தையின் பணப்பையை அளந்தது. அன்று டல்லஸில் விண்ணப்பித்திருந்தால் வோல்மருக்கே இடம் கிடைத்திராது!

தேர்வைக் கடுமையாக்குங்கள், தேறியவனைச் சேர்த்துக்கொண்டு, சம்பளத்தோடு விடுப்பளித்துக் கல்லூரிக்கு அனுப்புங்கள். அங்கே அவன் லத்தி பிடிக்கும் முறையைக் கற்க வேண்டியதில்லை. சரித்திரமும் மனவியலும் சட்டமும், உங்களைப் போன்ற மாணவர் நடுவே அமர்ந்து, சீருடையின்றிக் கற்கட்டும்.