ஒரு மணி உழைப்பின் விலை என்ன?

(தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



மூட்டை பெரிதாக இருக்கின்றது என்பதற்காக எவரும் அரிசி வாங்குவதில்லை. நிறுத்துப் பார்க்கின்றோம், கிலோ என்ன விலை என்று கேட்கின்றோம், அதன் பின்னரே பணத்தை எடுக்கின்றோம். ஆனால், நம் உழைப்பை நாம் விற்கும்போது மட்டும் நிறுக்க மறந்துவிடுகின்றோம். "மாதம் எவ்வளவு?" என்று கேட்டதோடு அமைந்துவிடுகின்றோம். "எத்தனை மணிநேரத்திற்கு?" என்னும் அடுத்த வினா நம் நாவில் எழுவதே இல்லை. அவ் வினாவை எழுப்பவே இன்று உங்கள்முன் நிற்கின்றேன்.

கணக்கு எளிது. மாத ஊதியத்தை அம் மாதத்தில் உழைத்த மொத்த மணிகளால் வகுத்தால் ஒரு மணியின் கூலி வந்துவிடும். ஒருவர் நாளொன்றுக்கு 8 மணிநேரம், மாதம் 26 நாள் உழைத்து 13,000 உருபா பெறுகின்றார் எனக் கொள்வோம். 26-ஐ 8-ஆல் பெருக்கினால் 208 மணி. 13,000-ஐ 208-ஆல் வகுத்தால் 62 உருபா 50 காசு. இதுதான் அவருடைய ஒரு மணிநேர உழைப்பின் விலை.

இப்பொழுது ஓர் ஒப்பந்தக்காரர் வருகின்றார். "அங்கே என்ன 13,000? என்னிடம் வா, 18,000 தருகின்றேன்!" என்கின்றார். வேலை 12 மணிநேரம், ஓய்வுநாள் இல்லை. தோழர் மகிழ்ந்து போகின்றார், வீட்டிலும் மகிழ்ச்சி. கணக்கைப் பாருங்கள்! 30 நாள், நாளுக்கு 12 மணி. மொத்தம் 360 மணி. 18,000-ஐ 360-ஆல் வகுத்தால் வருவது 50 உருபா. கையில் 5,000 கூடிற்று. ஆனால் மணிக்கூலியில் 12 உருபா 50 காசு குறைந்தது. ஏற்றம் என்று எண்ணியது இறக்கம்!

இதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், நாளுக்கு 9 மணி, கிழமைக்கு 48 மணி என எல்லை வகுத்தது. அதற்கு மேற்பட்ட நேரத்திற்கு இருமடங்கு ஊதியம் தருக என்றது. 2019-இல் இயற்றப்பெற்ற ஊதியத் தொகுப்புச் சட்டமும் மிகைநேரத்திற்கு இருமடங்கிற்குக் குறையாமல் தருக என்றே கூறுகின்றது. அவ்வாறாயின், முன்னைய மணிக்கூலிப்படி 208 மணிக்கு 13,000 உருபா. எஞ்சிய 152 மணிக்கு, மணிக்கு 125 உருபா வீதம் 19,000 உருபா. ஆக 32,000 உருபா வரவேண்டிய உழைப்பிற்கு 18,000 பெற்றுக்கொண்டு நன்றியும் சொல்கின்றோம்! 14,000 உருபா எங்கே போயிற்று என்று கேட்பதற்கும் ஆளில்லை.

துண்டுக்கூலி வேலையில் இம் மறைப்பு இன்னும் ஆழமானது. பீடி சுற்றும் தாய்மாருக்கு ஆயிரத்திற்கு இவ்வளவு என்று கூலி. இலை நனைப்பது, வெட்டுவது, தூளிட்டுச் சுற்றுவது, வாய் மடிப்பது, கட்டுவது, கொண்டுபோய்க் கொடுத்துக் காத்துக்கிடப்பது ஆகிய இத்தனை நேரத்தையும் எவர் எண்ணினார்? ஆயிரத்திற்கு 300 உருபா என்றும், இவையனைத்திற்கும் 12 மணி ஆகின்றது என்றும் வைத்துக்கொண்டால், மணிக்கு 25 உருபா. பிள்ளைகளும் உடனிருந்து கைகொடுத்தால் அதுவும் இல்லை.

தோழர்களே! கூலியும் நேரமும் ஒரே துலாக்கோலின் இரு தட்டுகள் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். 1908-இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர், வ.உ. சிதம்பரனார் துணைநிற்க வேலைநிறுத்தம் செய்து, கூலி உயர்வு பெற்றனர். வேலைநேரக் குறைப்பும் ஞாயிறு ஓய்வும் பெற்றனர். தொகையை ஏற்றி, நேரத்தை இறக்கினால் மணிக்கூலி இருவழியாலும் உயரும். 1886-இல் சிகாகோத் தொழிலாளர் கேட்ட 8 மணிநேரமும், 1923-இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் கொண்டாடிய மே நாளும் இந்த அறிவின் வழி வந்தவையே.

2023 ஏப்பிரலில் 12 மணிநேர வேலைக்கு வழிதிறக்கும் திருத்த வரைவு தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு எழுந்தது, நிறுத்திவைக்கப்பட்டது, மே நாளன்று திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தது. 12 மணியே நாள்வேலை என்று ஆகிவிட்டால், மிகைநேரம் என்று பெயர்பெறும் மணிகள் வெறும் மணிகளாகிவிடும். இருமடங்கு என்னும் உரிமையும் அவற்றோடு போய்விடும். நேரத்தை இழப்பவன் கூலியையும் இழக்கின்றான்.

ஆகவே, இன்றிரவே ஒரு சிறு குறிப்பேடு எடுங்கள். வேலைக்குள் நுழைந்த நேரம், வெளிவந்த நேரம், உணவு இடைவேளை ஆகியவற்றை நாள்தோறும் உங்கள் கையால் தமிழில் எழுதுங்கள். மாத முடிவில் கூட்டுங்கள், வகுத்துப் பாருங்கள். போகவர ஆகும் நேரத்தைச் சட்டம் எண்ணாது. ஆயினும் நீங்கள் எண்ணுங்கள், அதுவும் உங்கள் வாழ்நாளே. புரியாத மொழியில் நீட்டப்படும் ஊதியச் சீட்டில், அடிப்படை ஊதியம் எது, அகவிலைப்படி எது, பிடித்தம் எது, மிகைநேரம் எத்தனை மணி என்று கேட்டறிந்த பின்னரே கையொப்பமிடுங்கள். ஒருவர் கேட்டால் அதட்டுவார்கள். ஒரு பிரிவே குறிப்பேட்டோடு கேட்டால் விடை சொல்லியே ஆகவேண்டும்.

பணம் போனால் மீண்டும் ஈட்டலாம். போன மணி திரும்பாது. திரும்பாத பொருளை விற்கின்றவன், அதன் விலையையேனும் அறிந்து விற்கவேண்டும். எண்ணுங்கள், எழுதுங்கள், ஒன்றாய்க் கேளுங்கள்!