எலியின் பாதமும் என் பாதமும்
(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் டாக்டர் இல்லை, பி.காம். படித்துவிட்டு வங்கி கவுண்டரில் உட்கார்ந்து ரிடையர் ஆனவன். நாலு வருஷமாக ராத்திரியானால் பாதம் எரியும். போர்வை பட்டால்கூட ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். சர்க்கரையால் வந்த நரம்பு வலி என்று சொல்லி டாக்டர் பிரிகாபாலின் கொடுத்தார். எரிச்சல் குறைந்தது. "இதுக்காக எத்தனை எலியை வதைச்சாங்களோ, தாத்தா?" என்று பேத்தி கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லத்தான் இதையெல்லாம் படித்தேன்.

எலிக்கு வலித்தால் அது எப்படிச் சொல்லும்? 1988-இல் அமெரிக்காவில் பென்னட், சியே என்ற இருவர் ஒரு வழி கண்டார்கள். எலியை மயக்கி, தொடை நரம்பைச் சுற்றி நான்கு இடத்தில் நூலால் தளர்வாகக் கட்டினார்கள். பிறகு அந்தக் காலில் லேசாகப் பட்டாலே எலி காலை இழுத்துக்கொண்டது. சர்க்கரை நோய் வலிக்கு வேறு முறை: ஸ்ட்ரெப்டோசோடோசின் மருந்தால் எலியின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழிக்கிறார்கள். அளந்து பார்க்க மெல்லிய நைலான் இழையால் பாதத்தை அழுத்துகிறார்கள். அதே மாதிரி இழையால்தான் டாக்டர் என் பாதத்தையும் தொட்டுப் பார்த்தார்!

பிரிகாபாலின் எலியிலும் வேலை செய்தது, மனிதனிடமும் வேலை செய்தது. ஆனால் எப்போதும் அப்படி இல்லை. 'சப்ஸ்டன்ஸ் பி' என்ற வலிப்பொருளைத் தடுக்கும் மருந்துகள் விலங்குகளில் வலியைக் குறைத்தன, மனிதர்களிடம் தோற்றன. டிரையல் பேலன்ஸ் டேலி ஆனாலும் கணக்கில் தப்பு இருக்கலாம் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரிதான் இதுவும். சோதனைகளில் பெரும்பாலும் இளம் ஆண் எலிகள். வலியோடு டாக்டரிடம் போவதோ வயதானவர்கள், பெண்கள்.

வதைக்குக் கடிவாளமும் உண்டு. கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்து. வேறு வழி இருந்தால் விலங்கைத் தொடாதே, அறுவை செய்தால் மயக்க மருந்து கொடு என்கிறது அது. 2023-இல் புதிய மருந்து விதிகளைத் திருத்தி, விலங்கில்லாத சோதனை முறைகளுக்கும் இடம் கொடுத்தார்கள்.

பேத்தியிடம் வதை இல்லை என்று நான் சொல்லவில்லை. "கடன் பட்டிருக்கோம்மா" என்றேன். அந்தக் கடனுக்கு என்னால் கட்ட முடிந்த வட்டி, மாத்திரையை வீணாக்காமல் காலைக் கவனிப்பது.

உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று சென்னை ஆய்வு மையம் நடத்திய நாடளாவிய ஆய்வு 2023-இல் சொன்னது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் வீட்டுக்கு ஒருவராவது தேறுவார். அடுத்த தடவை ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது செருப்பைக் கழற்றி, பாதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். எரிச்சலைவிட உணர்ச்சியே இல்லாத கால்தான் ஆபத்து. முள் குத்தினாலும் தெரியாது.