ஓர் அட்டை, பல திரைகள்

மொழிபெயர்ப்பாளனுக்குக் கண்கள் இரண்டாயினும் நெடுங்காலம் திரை ஒன்றே வாய்த்திருந்தது. மூலத்தைப் பார்ப்பதும், அதை மறைத்துவிட்டு மொழிபெயர்ப்பைத் திறப்பதும், ஐயம் எழுந்தால் மீண்டும் மூலத்துக்கு மீள்வதுமாகப் பொழுது கழியும். இந்த இடைவெளியில்தான் ஓர் ‘அல்லது’ நழுவி ‘மற்றும்’ ஆகிறது. 60 நாள் 30 நாள் ஆகிறது. இதைச் சிறு பிழை என்று தள்ள இயலாது. மத்தியச் சட்டங்களின் அதிகாரம் பெற்ற பாடங்கள் குறித்து 1973-இல் இயற்றப்பெற்ற சட்டத்தின்படி, குடியரசுத் தலைவரின் அதிகாரத்தின்கீழ் அரசிதழில் வெளியாகும் தமிழாக்கம் அதிகாரம் பெற்ற பாடமாகவே கொள்ளப்படும். அத்தகைய ஏட்டில் ஒரு சொல் பிறழ்ந்தால் ஒருவருடைய உரிமையே பிறழக்கூடும். ஆகவே மூலமும் தமிழும் அருகருகே கண்ணெதிரில் நிற்க வேண்டுமென்று கேட்பது ஆடம்பரமன்று, கடமையின் பாற்பட்டது.

இதற்குப் புதிய கணிப்பொறி வாங்க வேண்டுமோ என்று பலரும் அஞ்சுகின்றனர். பெரும்பாலும் வேண்டியதில்லை. கணிப்பொறிக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு என்னும் ஒரே அட்டை பல திரைகளுக்குப் படம் அனுப்ப வல்லது. விண்டோஸ் 98 பல திரைகளை ஏற்றுக்கொண்ட காலத்தில், பொதுவாகத் திரைக்கோர் அட்டை பொருத்த வேண்டியிருந்தது. 1999-இல் கனடா நாட்டு மேட்ராக்ஸ் நிறுவனத்தின் ஜி400 அட்டை, தனியொன்றாகவே இரு திரைகளை இயக்கியது. இன்று தனி அட்டைகளுள் பல, நான்கு திரைகளை எளிதில் தாங்குகின்றன.

இதன் இயக்கத்தை ஒரு விருந்தோடு ஒப்பிடலாம். ஒரே அடுக்களையிலிருந்து பல பந்திகளுக்கு உணவு போகலாம். ஆனால் ஒரே வேளையில் எத்தனை பந்தி நடக்கும் என்பதை முடிவு செய்வோர் பரிமாறுவோரே. கூடத்தின் வாயில்கள் அல்ல. அட்டையின் நினைவகத்தில் ஒவ்வொரு திரைக்கும் உரிய படம் தனித்தனியே தீட்டப்படுகிறது. அதை வரிவரியாகப் படித்து வெளியே அனுப்பும் உறுப்புகள் அட்டைக்குள் ஓர் அளவுக்கே உண்டு. ஐந்து துளைகள் கொண்ட அட்டையும் நான்கு திரைகளோடு நின்றுவிடலாம். எனவே பின்புறத் துளைகளை எண்ணுவதோடு அமையாமல், எத்தனை திரைகளை ஏற்கும் என்று அட்டையின் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்வது அறிவுடைமை.

துளைகளும் ஒரே காலத்தவை அல்ல. ஐ.பி.எம். 1987-இல் கொணர்ந்த வி.ஜி.ஏ., 1999-இல் வந்த டி.வி.ஐ., 2002-இல் வகுக்கப்பெற்ற எச்.டி.எம்.ஐ., 2006-இல் வெளியான டிஸ்பிளே போர்ட் என அவை ஒரு பரம்பரையாக வந்தவை. இவற்றுள் டிஸ்பிளே போர்ட்டுக்குத் தனிச் சிறப்பு உண்டு. ஏனையவற்றில் ஒவ்வொரு திரைக்கும் அட்டைக்குள் தனியே ஒரு கடிகாரத் துடிப்பு வேண்டும். டிஸ்பிளே போர்ட் திரைகள் ஒன்றையே பகிர்ந்துகொள்ளும். 2009-இல் ஏ.எம்.டி. வெளியிட்ட ரேடியான் அட்டைகளில், மூன்றாம் திரையை டிஸ்பிளே போர்ட் வழியாகவே இணைக்க வேண்டியிருந்ததன் காரணம் இதுவே.

2010-இல் வந்த அதன் 1.2 பதிப்பு, ஒரே கம்பியில் பல படங்களைக் கோத்தனுப்ப வழி செய்தது. 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரையில் ஏறத்தாழ 20 லட்சம் புள்ளிகள் உள்ளன. புள்ளிக்கு 24 பிட் வீதம் நொடிக்கு 60 முறை அனுப்பினால் ஏறக்குறைய 300 கோடி பிட் ஆகும். அந்தக் கம்பியோ நொடிக்கு 1,728 கோடி பிட் சுமக்கும். ஆகவே இத்தகைய திரைகள் நான்கினுக்கு அதில் இடமுண்டு. ஆனால், ஒரு திரையிலிருந்து அடுத்ததற்குச் சங்கிலிபோல் தொடுக்க, இடையிலுள்ள திரைகளில் டிஸ்பிளே போர்ட் வெளிவாயிலும் இருத்தல் வேண்டும்.

இனி, பணம் வீணாகும் மூன்று இடங்களைச் சொல்கிறேன். முதலாவது, ‘ஸ்பிளிட்டர்’ என்று கடையில் விற்கும் கவைக்கருவி. எச்.டி.எம்.ஐ. ஸ்பிளிட்டர் ஒரே படத்தை இரு திரைகளிலும் காட்டுமேயன்றி, இரு வேறு படங்களைத் தராது. இரண்டாவது, மாற்றிகள். டிஸ்பிளே போர்ட்டிலிருந்து எச்.டி.எம்.ஐ. திரைக்குப் பெரும்பாலும் எளிய மாற்றி போதும், எச்.டி.எம்.ஐ.யிலிருந்து டிஸ்பிளே போர்ட் திரைக்கு அது உதவாது, குறியீட்டை உருமாற்றும் விலை மிகுந்த கருவி தேவை. மூன்றாவது, இடம் மாற்றிச் செருகுதல். தனி அட்டை பொருத்திய கணிப்பொறியில், தாய்ப்பலகையின் துளையில் கம்பியைச் செருகிவிட்டு, திரை இருண்டிருப்பது கண்டு திரையையே பழுதென்று திருப்பி அனுப்புவோர் உண்டு. கம்பி அட்டையின் துளையிலேயே சேர வேண்டும்.

இணைத்த பின், விண்டோஸ் விசையையும் ‘பி’ விசையையும் சேர்த்து அழுத்தி, ‘நீட்டி’ என்று பொருள்படும் ‘எக்ஸ்டெண்ட்’ முறையைத் தேர்ந்தால், இரு திரைகளும் ஒரே மேசைபோல் விரியும். இரண்டையும் ஒரே உயரத்தில், விளிம்போடு விளிம்பு பொருந்த வைத்தல் கழுத்துக்கு நலம்.

அலுவலகங்களில் புதிய அட்டை கேட்டுக் கோப்பு நகரத் தொடங்குமுன், இருக்கும் கணிப்பொறியின் பின்புறத்தை ஒரு முறை பார்த்துவிடுவது நன்று. ஒரு கம்பியும், மூலையில் உறங்கும் பழைய திரையொன்றும் போதுமானவையாக இருக்கலாம். திரை கூடியதால் மொழியறிவு கூடிவிடாது. ஆயினும் மூலத்தைப் பார்க்க நேரமில்லை என்று சொல்ல, அதன்பின் எவருக்கும் இடமிராது.