குடும்பச் சங்கமும் வம்சாவளியும்

(விளாத்திகுளத்தில் ஒரு குடும்பத்தார் தங்கள் பரம்பரை விவரங்களைத் தொகுத்துவைக்கச் சங்கம் அமைத்த கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இந்தக் கூட்டத்துக்கு நாம் வருவதாக ஒப்புக்கொண்டது தெரிந்ததும் நம்முடைய தோழர்கள் சிலர் சிரித்தார்கள். குலமும் கோத்திரமும் ஒழிய வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசுகிறவர்களுக்கு வம்சாவளிக் கூட்டத்தில் என்ன வேலை என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானதே. அதற்குப் பதில் சொன்ன பிறகுதான் மேலே பேச நமக்கு யோக்கியதை உண்டு.

"நான் உன்னைவிட உசத்தி" என்று காட்டுவதற்காக எழுதப்படுகிற வம்சாவளி ஒன்று. நம் ஆட்கள் எங்கே இருந்தார்கள், எதைச் செய்து பிழைத்தார்கள், பஞ்சத்தில் எங்கே போனார்கள் என்று தெரிந்துகொள்ள எழுதப்படுவது மற்றொன்று. முன்னது புராணம். பின்னது கணக்கு. நீங்கள் எழுதப்போவது கணக்கானால் நமக்கு இங்கே வேலை உண்டு. புராணமானால் இப்போதே சொல்லிவிடுங்கள், அடுத்த பஸ்ஸுக்குப் புறப்பட்டுவிடுகிறோம். (சிரிப்பு)

முதல் விதத்துக்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பக்கத்திலிருக்கும் எட்டயபுரம் ஜமீனுக்கு 'வம்சமணி தீபிகை' என்று ஒரு சரித்திரம் 1879இல் அச்சிட்டார்கள். பாரதியார்கூட 1919இல் அதைத் திருத்தி நல்ல தமிழில் எழுதித்தருவதாக அந்தச் சமஸ்தானத்துக்குக் கடிதம் எழுதினார். வறுமை எப்பேர்ப்பட்ட புலவனையும் வம்சாவளி எழுதக் கூப்பிடும் போலிருக்கிறது. அது நிற்க. 1879 என்றால் என்ன வருஷம்? 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் அப்போதுதான் அடங்கியிருந்தது. சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் அதில் மடிந்தார்கள். இந்தக் கரிசல் காட்டிலே கம்புக்கும் சோளத்துக்கும் வழியில்லாமல் செத்தவனுடைய பெயர் எந்த தீபிகையில் இருக்கிறது? ராஜாவின் பாட்டனுக்குப் பாட்டன் பெயர் அச்சில் இருக்கிறது. அவருடைய நிலத்தை உழுது கிஸ்தி கட்டினவனுடைய தகப்பன் பெயர் அவன் பேரனுக்கே தெரியவில்லை.

பாளையக்காரர்களுடைய வம்சாவளிகள் பலவற்றைக் கும்பினியின் நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சி சேகரித்தார். அவர் 1821இல் இறந்தார். அவர் தேடிவைத்த சுவடிகளில் ஒரு பகுதி இன்றும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கிறது. பழைய ராஜா தங்கள் முன்னோர்களுக்குப் பாளையம் கொடுத்தார், விருது கொடுத்தார் என்று புதிய ராஜாவான கும்பினியிடம் காட்டுவதற்குப் பயன்பட்ட எழுத்துகள் அவை. பாத்தியம் கொண்டாட எழுதுகிறபோது சந்திரனையும் சூரியனையும் பாட்டனாக்கிக்கொள்ள யாருக்கும் கூச்சம் இருப்பதில்லை. அதே பாளையக்காரர்களில் பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனை 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். அவன் கோட்டையைப் பிறகு இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஆனாலும் அவன் பெயர் அழியவில்லை. ஜனங்கள் பாட்டாகப் பாடி வைத்திருந்தார்கள். பாட்டும் இல்லாமல், புத்தகமும் இல்லாமல் போனவர்கள் நம்மைப் போன்றவர்கள்தான்.

அப்படியானால், ஏழைகளுக்குப் பெயர், வயது, தகப்பன் பெயர், ஊர் எல்லாம் வரிசையாக எழுதிய ஏடு எங்கேயும் இல்லையா என்றால், இருக்கிறது. மொரீஷியசுக்கு 1834 முதலும், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரையிலும் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களுக்கு அந்த ஏடு உண்டு. நேட்டாலுக்கு மட்டும் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் போனார்கள். மொரீஷியசில் மோகா என்ற ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் அந்த நாட்டு ஏடுகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அங்குள்ளவர்கள் போய்க் கேட்டுத் தங்கள் பூட்டன் வந்த கப்பலையும் அவன் விட்டுவந்த ஊரையும் தெரிந்துகொள்கிறார்கள். சிலருக்குப் புகைப்படமும் கிடைக்கிறது. எழுதியவர்கள் அன்பினால் எழுதவில்லை. கூலி ஓடிப்போனால் பிடிப்பதற்கு அடையாளம் வேண்டும் என்று எழுதினார்கள். மாட்டுக்குச் சூடு போடுகிற புத்திதான் அது. ஆனால் ராஜாவின் புலவர் நமக்குச் செய்யாத காரியத்தைத் தோட்டத்துக் குமாஸ்தா செய்துவிட்டான் என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இலங்கைக்குப் போனவர்களின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. இந்தக் குடும்பத்திலேயே ஒரு கிளை தேயிலைத் தோட்டத்துக்குப் போனது என்று தலைவர் சொன்னார். 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்க் கப்பலும் வருகிற வரையில் கொழும்புக்குக் கப்பலேற நம் தூத்துக்குடிக்குத்தான் வர வேண்டும். கங்காணி கூப்பிட்டான், போனார்கள். பக்கத்து ஊருக்குப் போவதுபோலப் போனதால் எவரும் எதையும் எழுதிவைத்துக்கொள்ளவில்லை. பிறகு 1948இல் இலங்கை சுதந்திரம் அடைந்த கையோடு ஒரு குடியுரிமைச் சட்டம் செய்தார்கள். அதன்படி, ஒருவன் இலங்கையில் பிறந்தேன் என்று காட்டினால் போதாது. தன் தகப்பன் அங்கே பிறந்தான் என்று காட்ட வேண்டும். அது முடியாவிட்டால் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தார்கள் என்று காட்ட வேண்டும். பாட்டன் எந்த லயத்தில் எந்தத் தேதியில் பிறந்தான் என்பதற்குத் தோட்டத் தொழிலாளி ருசுவுக்கு எங்கே போவான்? ஏழு லட்சம் பேர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். 1964 முதல் அங்கேயே இருந்தவர்களுக்கும் அவர்களுடைய சந்ததிக்கும் குடியுரிமை தருகிற சட்டம் 2003இல்தான் அந்த நாட்டில் வந்தது. அப்போதும் "சந்ததி" என்று காட்ட வேண்டியிருந்தது.

கையில் ஒரு குடும்ப ஏடு இருந்திருந்தால் எல்லோரும் தப்பியிருப்பார்கள் என்று நாம் சொல்லவில்லை. தள்ளிவைக்க வேண்டும் என்றே செய்த சட்டம் ஏட்டைக் கண்டு இரங்காது. ஆனால் தகப்பன் பெயரும் பிறந்த இடமும் தெரியாதவனைத் தள்ளுவது சர்க்காருக்கு எவ்வளவு சுலபம் என்பதைப் பாருங்கள். தாப்பாத்தி மறுவாழ்வு முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்களைக் கேட்டால், ஒரு துண்டுக் காகிதத்தின் விலை என்ன என்று நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள்.

ஆகவே எழுதுங்கள். ஆனால் எப்படி எழுதுவது என்பதில்தான் நமக்குச் சண்டை இருக்கிறது.

இங்கே வரைந்து ஒட்டியிருக்கும் வம்ச மரத்தைப் பார்த்தோம். ஐந்து தலைமுறை, அறுபத்திரண்டு பெயர்கள். அவ்வளவும் ஆண்கள்! பெற்றவள் பெயர் ஓரிடத்திலும் இல்லை. இந்த அறுபத்திரண்டு பேரும் எப்படி முளைத்தார்கள் என்று பிற்காலத்தில் ஒரு பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்? புராணத்தில்தான் குடத்திலும் நெருப்பிலும் பிள்ளை பிறக்கும். பெண்கள் வேறு வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் என்று சமாதானம் சொல்கிறார்கள். சரி, வேறு வீட்டிலிருந்து வந்தவர்களின் பெயராவது இருக்க வேண்டாமா? போனவளும் இல்லை, வந்தவளும் இல்லை! வேம்பார்க் கடற்கரையிலுள்ள கத்தோலிக்கர்களின் ஞானஸ்நான ஏட்டில் தகப்பன் பெயரோடு தாய் பெயரையும் எழுதுகிறார்கள். நாம் பாதிரிமாருக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். ஏடு எழுதத் தெரிந்தவன் எவனாயிருந்தாலும் அவனிடம் கற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

இதில் சொத்து விஷயமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1989இலும், இந்தியா முழுமைக்கும் 2005இலும் பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குச் சமபங்கு என்று சட்டம் ஆகிவிட்டது. அப்படியிருந்தும் வாரிசுச் சான்றுக்கு மனுப் போடும்போது அக்காள் தங்கை பெயரை மறந்துவிடுகிற அண்ணன்மார் எத்தனை பேர்! மரத்தில் பெயர் இல்லாத பெண்ணைப் பத்திரத்திலிருந்து நீக்குவது வெகு சுலபம். உங்கள் சங்கம் பெண்களை எழுதாவிட்டால், தெரிந்தோ தெரியாமலோ அந்த அண்ணன்மாருக்குச் சாட்சி சொல்கிற சங்கமாகத்தான் இருக்கும்.

அடுத்தது, ஜாதியை விட்டு மணந்தவர்கள். நாட்டுக்கோட்டை நகரத்தார் தங்கள் ஒன்பது கோயில்களிலும் கலியாணமானவர்களைப் "புள்ளி" என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். கலியாணத்துக்குக் கோயிலிலிருந்து மாலை வரும். கணக்கு வைப்பதில் அவர்களுக்கு நிகர் தமிழ்நாட்டில் யாருமில்லை என்று தாராளமாக ஒப்புக்கொள்வோம். ஆனால் வெளியே மணந்தவனுக்கு மாலையும் இல்லை, புள்ளியும் இல்லை. துணையை இழந்தவர் அரைப்புள்ளி. ஏடே அங்கே வேலியாகவும் நிற்கிறது. அதை நீங்கள் பின்பற்றக் கூடாது. உங்கள் குடும்பத்தில் வேறு ஜாதியில் மணந்தவர்களும், விதவையாகி மறுமணம் செய்துகொண்டவர்களும், சண்டையிட்டுக்கொண்டு போனவர்களும் இருப்பார்கள். அவர்களுடைய பெயர், துணையின் பெயர், பிள்ளைகளின் பெயர், மணநாள் எல்லாம் மற்றவர்களுக்கு எழுதுகிறது போலவே எழுத வேண்டும். புரோகிதச் சடங்கில்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது எத்தனை குடும்பங்கள் கலங்கின! 1967இல் அண்ணா ஆட்சியில் சட்டம் வந்து, முன்பு நடந்தவையும் செல்லும் என்று ஆன பிறகுதான் அந்தக் கலக்கம் தீர்ந்தது. சட்டமே ஏற்றுக்கொண்டவர்களைச் சித்தப்பா ஏற்றுக்கொள்ளவில்லை என்பது என்ன நியாயம்?

இனி வேலை முறை. கிழவர்களையும், அதைவிட முக்கியமாகக் கிழவிகளையும் இந்த மாதமே கேட்டு எழுதுங்கள். "தாது வருஷம் பிறந்தவர்" என்பார்கள். தாது 1876இலும் வந்தது, 1936இலும் வந்தது, 1996இலும் வந்தது. அறுபது வருஷங்களும் பிறந்த ஆபாசக் கதையை இப்போது விட்டுவிடுவோம். ஆனால் அந்தக் கணக்கை நம்பினால் பாட்டனும் பேரனும் ஒரே வயதாகிவிடுவார்கள். எனவே, "தனுஷ்கோடிப் புயலுக்கு முன்னா பின்னா?" என்று கேளுங்கள். அது 1964 டிசம்பர். "ஜமீன் போன பிறகு கலியாணமா?" என்று கேளுங்கள். ஒழிப்புச் சட்டம் 1948. பிறகு பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடு, பிறப்பு இறப்புப் பதிவேடு, பழைய கிரயப் பத்திரம் இவற்றோடு ஒத்துப்பாருங்கள். ஒவ்வொரு விவரத்துக்கும் பக்கத்தில் யார் சொன்னது, எந்தப் பத்திரம் என்று குறியுங்கள். ஒன்றுக்கொன்று முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள். மிளகாய் வற்றல் வியாபாரம் செய்தவரை மந்திரியாக்க வேண்டாம். ஜெயிலுக்குப் போனவரைக் காசிக்கு அனுப்பவும் வேண்டாம்.

ஒரு தோழர் கேள்விச் சீட்டு அனுப்பியிருக்கிறார். "குலதெய்வக் கோயில் வரி நோட்டிலேயே எல்லாத் தலைக்கட்டும் இருக்கிறதே, தனி ஏடு எதற்கு?" என்று கேட்கிறார். அந்த நோட்டைத் தாராளமாக எடுத்துப் பாருங்கள். நல்ல சாட்சிதான். ஆனால் அது வரி வாங்குகிறவன் எழுதின நோட்டு. கலியாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. வரி கட்ட வக்கில்லாமல் திருப்பூருக்குப் போனவனை நோட்டிலிருந்து அடித்திருப்பார்கள். புருஷன் செத்தவளிடம் வரி இல்லை என்று அவளை எழுதியே இருக்க மாட்டார்கள். அப்படி அடிக்கப்பட்ட பெயர்களையும் எழுதாமல் விட்ட பெயர்களையும் முதலில் தேடி எடுத்து, உங்கள் ஏட்டின் முதல் பக்கத்திலிருந்தே எழுதத் தொடங்குங்கள். அதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆத்தாளுக்குத் தொண்ணூறு வயது என்கிறார்கள். நாம் பேச்சை நிறுத்திக்கொள்கிறோம். நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு யாராவது அந்தம்மாளிடம் போய் உட்காருங்கள்.