கதை நடக்கும் வேகம்



ஒரே கதை இருமுறை சித்திரத் தொடராக வந்திருக்கிறது. அவ்விரண்டில் எது சிறந்தது என்று உங்களுள் பலர் வழக்காடுகிறீர்கள். ஓட்டப்பிடாரத்தில் என் வீட்டுத் திண்ணைக்கு மாலை வேளையில் வந்து பேசும் கல்லூரிப் பிள்ளைகளும் இவ்வழக்கில் இரு கட்சியாகப் பிரிந்திருக்கிறார்கள். அதனை வீண் பேச்சு என்று நான் கருதவில்லை. கதை எவ்வளவு விரைந்து நடக்கலாம்? கதைமாந்தர் நம் உள்ளத்தில் வேர்கொள்ள எவ்வளவு காலம் வேண்டும்? இலக்கியம் பயில்வோர் கேட்டே ஆகவேண்டிய கேள்விகள் இவை.

வழக்கை அறியாத நேயர்களுக்காகச் சில சொற்கள் கூறுகிறேன். ஜப்பானியப் பெண் எழுத்தாளர் அரகவா ஹிரோமு 2001 முதல் 2010 வரை எழுதிய படக்கதை 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்'. ஆல்கெமி என்பது நம் சித்தர்கள் பேசிய ரசவாதம்தான். இறந்த தாயை ரசவாதத்தால் எழுப்ப முயன்ற இரு சிறுவர்களுள் மூத்தவன் ஒரு காலையும் ஒரு கையையும் இழக்கிறான். இளையவன் உடல் முழுவதையும் இழந்து, இரும்புக் கவசத்துள் உயிராக மட்டும் தங்குகிறான். இழந்ததை மீட்க அவர்கள் அலைவதே கதை. படக்கதை முடிவதற்கு முன்பே, 2003-ல் முதல் தொடர் தொடங்கி 51 பகுதிகளில் நிறைவுற்றது. மூலம் முடியாமையால் பிற்பாதியில் அது தன் வழியே சென்றது. 2009-ல் தொடங்கிய இரண்டாம் தொடரோ மூலத்தை ஒட்டி நடந்து 64 பகுதிகளில் முடிந்தது.

இனி வழக்கு. நீனா என்றொரு சிறுமி கதையில் வருகிறாள். பெற்ற தந்தையே தன் ஆராய்ச்சிக்காக அவளை வளர்ப்பு நாயோடு சேர்த்து ஒரு விலங்காக்கிவிடுகிறான். முதல் தொடரில் ஆறாம் பகுதியில் அவளைக் காண்கிறோம். சகோதரர் இருவரும் அவ்வீட்டிலேயே தங்கித் தேர்வுக்குப் படிக்கிறார்கள், அவளோடு விளையாடுகிறார்கள். ஏழாம் பகுதியில் கொடுமை நேர்கிறது. இரண்டாம் தொடரில் அறிமுகமும் கொடுமையும் நான்காம் பகுதி ஒன்றுக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. இவ்வாறே, மனைவி மகளின் படங்களை எல்லோரிடமும் காட்டி மகிழும் ஹியூஸ் என்ற அதிகாரி முதல் தொடரில் 25-ஆம் பகுதியிலும், இரண்டாம் தொடரில் 10-ஆம் பகுதியிலும் கொல்லப்படுகிறார். "அழுவதற்குக்கூட நேரம் கொடுக்கவில்லையே" என்கிறது ஒரு கட்சி. "நடந்ததையே நடத்திக்கொண்டிருந்தால் கதை எப்போது நகர்வது?" என்கிறது மறு கட்சி.

இந்த வழக்கு எங்கள் கரிசல் பூமிக்குப் புதியதன்று. நான் சிறுவனாக இருந்த காலத்தில் இதே வழக்கைத் தோல்பாவைக்கூத்துத் திடலில் கேட்டிருக்கிறேன். பருத்தி எடுத்து முடிந்து, கம்பும் சோளமும் வீடு வந்து, காடு வெறுமையாகக் கிடக்கும் மாதங்களில் பாவைக்காரர்கள் வருவார்கள். வீட்டில் மராத்தி பேசி, திரைக்குப் பின்னே தமிழில் பாடிப் பேசும் குடும்பங்கள் அவை. வெள்ளைத் திரை, பின்னால் ஒரு விளக்கு, ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி வண்ணம் தீட்டிய பாவைகள், ஆர்மோனியம், மிருதங்கம், ஜால்ரா. அசையும் சித்திரத்தில் தொடர்கதை என்பதை எங்கள் மக்கள் முதலில் கண்டது அங்கேதான். இராமகாதை பத்து இரவு நடக்கும். ஆண் பெண் குரல் அனைத்தையும் ஒருவரே பேசுவார்.

அங்கும் இரு கட்சி உண்டு. இளைஞர்களுக்கு அனுமன் கடல் தாண்ட வேண்டும். இந்திரசித்து மாயப்போர் செய்ய வேண்டும். பெரியவர்களுக்கோ கைகேயியின் இரவு குறையக் கூடாது. மந்தரை ஒருமுறை சொல்வாள், கைகேயி சினந்து அவளைக் கடிவாள். மீண்டும் சொல்வாள், கைகேயி சிரிப்பாள். மூன்றாம் முறை சொல்லும்போது விடை வராது. மிருதங்கம் மட்டும் ஒலிக்கும். "இன்னும் எத்தனை நேரந்தான் கூனி பேசுவாள்?" என்று பின்வரிசையில் ஒரு குரல் எழும். "பேசாமல் உட்கார், தம்பி!" என்று முன்வரிசை அதட்டும்.

முன்வரிசையின் பக்கம் நியாயம் இருந்தது. தோலில் வரைந்த முகம் மாறாது. வேடம் மாறினால் பாவையை மாற்றலாம். அரசகோலத்து இராமனுக்கு ஒரு பாவை, வனம் செல்லும் இராமனுக்கு வேறொரு பாவை. ஆனால் மனம் மாறுவதைக் காட்டப் பாவைக்காரரிடம் உள்ளவை குரலும் நேரமும் மட்டுமே. மந்தரையின் பேச்சை இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டால் கைகேயி பிறவிக் கொடியவளாகத் தோன்றுவாள். நீண்ட நேரம் போராடித் தோற்றால்தான் அவள் பெற்ற மனம் திரிந்த ஒரு தாயாக நிற்பாள்.

இதனால் மெதுவாக நடப்பதெல்லாம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்று இரு கோமாளிப் பாவைகள் உண்டு. அவர்கள் நுழைந்துவிட்டால் இராமனும் இலக்குவனும் காட்டிலேயே காத்து நிற்க வேண்டியதுதான். ஊர் வம்பு, வசூல் குறைவு, தூங்கும் பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் கேலி செய்வார்கள். வயிறு குலுங்கச் சிரித்தவர்களுள் நானும் ஒருவன். ஆயினும் முதல் இரவில் கண்ட உச்சிக்குடும்பன்தான் பத்தாம் இரவிலும் உச்சிக்குடும்பன். அவனிடம் ஒன்றும் கூடவில்லை, ஒன்றும் குறையவில்லை. கைகேயியிடம் நின்ற நேரத்துக்கும் இவனிடம் நின்ற நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பின்வரிசைக்காரர்கள் பார்க்கத் தவறினார்கள். இரண்டையும் 'இழுவை' என்ற ஒரே சொல்லால் தள்ளினார்கள். நீங்களும் இன்று அதையே செய்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனாலும் பத்தாம் இரவைக் குறைக்க ஒருவரும் துணிந்ததில்லை. பட்டாபிஷேகம் முறையாக நடந்தால் மழை பெய்யும் என்பது வானம் பார்த்த எங்கள் நிலத்தின் நம்பிக்கை.

அதே இராமகாதையை ஜப்பானியர் யூகோ சாகோவும் நம் நாட்டு ராம் மோகனும் கூட்டாக 1990-களின் தொடக்கத்தில் சித்திரப் படமாக ஆக்கினார்கள். 2025 ஜனவரியில் அது தமிழ்க் குரலுடனும் நம் திரையரங்குகளுக்கு வந்தது. அழகிய படம். ஆயினும் பத்து இரவை இரண்டேகால் மணி நேரத்தில் அடைக்கும்போது எதையேனும் இழந்தே தீர வேண்டும். அப்போது முதலில் சுருங்குவது மனம் மாறும் இடங்களே. போரைச் சுருக்க யாருக்கும் மனம் வருவதில்லை.

இப்போது உங்கள் வழக்குக்குத் தீர்ப்புக் கேட்டால், நீனாவைப் பொறுத்தவரை முதல் தொடரின் பக்கமே நிற்பேன். அவளோடு வாழ்ந்த நாட்களைக் காட்டியதனால்தான் அவள் இழப்பு நம் வீட்டு இழப்பாகிறது. இரண்டாம் தொடரை ஆதரிப்போர், அதே கதையைச் சில ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியாயிற்று, மீண்டும் ஏன் விரிக்க வேண்டும் என்கிறார்கள். அது ஆக்கியோருக்கு உரிய காரணம். புதிதாகப் பார்க்க வருபவனுக்கு அதனால் என்ன பயன்?

இரண்டாம் தொடருக்கும் ஒரு பெருமை உண்டு. ஹியூஸின் நண்பர் மஸ்டாங் 54-ஆம் பகுதியில், கொலை செய்தவனைத் தீக்கிரையாக்கக் கை ஓங்கி நிற்கிறார். அவருடைய துணை அதிகாரியான பெண்ணே அவர்மேல் துப்பாக்கியை நீட்டித் தடுக்கிறாள். பழியா, மனிதத் தன்மையா என்று அவர் தத்தளித்துக் கையை இறக்கும் காட்சிக்கு முதல் தொடரில் ஈடில்லை. அதற்குள் மாய்ந்தவரைப் பத்துப் பகுதி மட்டுமே அறிந்திருக்கிறோம் என்பதே என் குறை. முதல் தொடர் பாடுபட்டு விதைத்தது. அறுவடை மற்றதன் களத்தில் நடந்தது.

இன்று பலர் எந்தத் தொடரையும் கைப்பேசியில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்க்கிறார்கள். ஆக்கியோர் வகுத்த வேகத்தைப் பார்ப்பவனே மாற்றிவிட்ட பிறகு, கதை விரைகிறது, நின்றுவிட்டது என்று வழக்காட என்ன இடம்? முதல் தொடர் முழுவதையும் அவ்வாறு இரண்டே நாளில் பார்த்து முடித்ததாகக் கூறிய ஒரு மாணவரிடம், நாயோடு சேர்க்கப்பட்ட அந்தக் குழந்தையின் பெயரைக் கேட்டேன். அவர் கைப்பேசியை எடுத்துத் தேடத் தொடங்கினார்.