அதுவரை என்ன ஏற்பாடு?



இந்தப் பட்டமளிப்பு விழாவில் என்னைப் பற்றித் தந்த அறிமுகத்தில் ஒரு படிப்பு விடுபட்டிருக்கிறது. பட்டம் தராத படிப்பு, அதனால் விட்டிருப்பார்கள். கலிபோர்னியாவில் நெவாடா சிட்டிக்குப் பக்கத்தில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் 1963இல் தொடங்கியது ஜான் உல்மன் பள்ளி. பின்னாளில் அங்கே அமைதி, சமூக நீதி, சூழலியல் பற்றி ஒரு பருவப் படிப்பு நடந்தது. பள்ளி மாணவியாக அதில் சேர்ந்தேன். வகுப்பு பாதி, தோட்டமும் அடுப்படியும் மீதி.

குவேக்கர் கூட்டங்களில் வாக்கெடுப்பு கிடையாது. எல்லோர் மனமும் ஒரு முடிவுக்கு வரும்வரை பேசுவார்கள். நடுநடுவே பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். யார் என்றைக்குப் பாத்திரம் கழுவுவது என்று தீர்மானிக்கவே எங்களுக்கு ஒரு மாலை போய்விடும். முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு பிடித்துப்போயிற்று. பள்ளிக்குப் பெயர் தந்த உல்மனின் வரலாற்றைப் படித்தபோது மறுபடி எரிச்சல் வந்தது.

உல்மன் நியூ ஜெர்சியில் தையற்காரர். குவேக்கர்களிலேயே பலர் அடிமைகளை வைத்திருந்த காலம். 1758இல் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டத்தில் அதை எதிர்த்துப் பேசினார். எசமானர்களின் வீடு தேடிப் போய்ப் பேச ஒரு குழு அமைந்தது, அவரும் போனார். அடிமை வைத்திருப்பவர் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று அந்தக் கூட்டம் முடிவெடுத்தது 1776இல். உல்மன் 1772இலேயே இங்கிலாந்தின் யார்க் நகரில் பெரியம்மையால் இறந்துவிட்டார்.

அமெரிக்கா முழுவதும் அடிமை முறை ஒழிந்தது 1865இல். அதைப் பார்க்க இது வேகம்தானே என்றார் எங்கள் ஆசிரியை. வாஸ்தவம். ஆனால் எசமானர்கள் மனம் மாறட்டும் என்று காத்திருந்த அந்தப் பதினெட்டு ஆண்டும் கூலியில்லாமல் உழைத்தவர்களுக்கு, கூட்டத்தில் பேச இடமே இல்லை. பொறுமை ஒருவருடையது, செலவு இன்னொருவருடையது.

உல்மனுக்கு இது உறுத்தியிருக்க வேண்டும். அடிமைகள் இருக்கும் வீட்டில் தங்க நேர்ந்தால், தனக்கு ஏவல் செய்த அடிமைகளுக்குக் கூலி கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார். விருந்துக்கு வந்தவர் காசு எடுத்து நீட்டினால் வீட்டுக்காரர் முகம் எப்படிப் போயிருக்கும்! அடிமைகள் விளைவித்த சர்க்கரையையும் விட்டுவிட்டார். கூட்டம் முடிவெடுக்கட்டும் என்று இவற்றைத் தள்ளிப்போடவில்லை.

இன்று பட்டம் பெறும் நீங்களும் நாளை குழுக்களில் உட்காருவீர்கள். ஒப்பந்தத் தொழிலாளியின் சம்பளக் கோப்பு வரும். ‘அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்’ என்பார்கள். பார்க்கலாம்தான், ஆனால் அதுவரை அவருக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டு, பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். நான் வேலை பார்க்கும் இடத்தில் அப்படித்தான் செய்கிறோம். கூட்டம் நீள்கிறது என்று புலம்பல் உண்டு. தேநீர் இன்னொரு சுற்று வரும், அவ்வளவுதான்.