நிலா வெளிச்சத்தில் சொட்டிய பால்

(பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழா என்றால் "நன்றாகப் படியுங்கள்" என்று சொல்லிவிட்டு உட்காருவதுதான் வழக்கம். நான் இன்று "நன்றாகப் படம் பாருங்கள்" என்று சொல்லப் போகிறேன். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள், பெற்றோர் முறைக்கிறீர்கள்! முழுவதும் கேட்டுவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்ளுங்கள்.

நான் சினிமாவுக்கு விரோதி அல்ல. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில், பாயைச் சுருட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய் இடம் பிடித்தவன். 1973-இல் வந்த "உலகம் சுற்றும் வாலிபன்" படத்தில் ஜப்பானின் ஒசாகா நகரத்து எக்ஸ்போ 70 கண்காட்சியைக் காட்டினார்களே, கொசு கடிப்பதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். பகலெல்லாம் உழைத்துக் களைத்த கண்களுக்கு அது விருந்து. அந்த விருந்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் கண்ணுக்கு விருந்து வைக்கிறவர்கள் எதைக் காட்டுகிறார்கள், எதை மறைக்கிறார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் எழுதப் படிக்கத் தெரியாத என் தாயார்.

சில ஆண்டுகளுக்கு முன் வீட்டில் ஒரு பழைய ஆங்கிலப் படம் போட்டேன். பெயர் "தி லெட்டர்". 1940-இல் வில்லியம் வைலர் இயக்கி, பெட்டி டேவிஸ் நடித்தது. 1911-இல் கோலாலம்பூரில் நடந்த ஒரு கொலை வழக்கை ஒட்டி சாமர்செட் மாம் எழுதிய கதை. கதை நடப்பது நம் மலாயா ரப்பர் தோட்டத்தில். படம் எடுத்ததோ அமெரிக்காவில். தொடக்கத்திலேயே வானத்தில் முழு நிலா. ரப்பர் மரத்திலிருந்து பால் சொட்டுச் சொட்டாக வடிகிறது. கொட்டகையில் தொழிலாளர்கள் தூங்குகிறார்கள். திடீரென்று துப்பாக்கி வெடிக்கிறது. அதற்கப்புறம் எல்லாம் துரைமார் கதைதான்.

நான் அந்த அழகில் மயங்கி உட்கார்ந்திருந்தேன். நாற்பது வருஷம் பால் மரம் வெட்டிய அம்மா கேட்டார்: "ஏண்டா தம்பி, நடுராத்திரியில பால் சொட்டுதே, இவங்க எந்நேரத்துல மரம் வெட்டுனாங்க?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பிள்ளைகளே, விடியற்காலைக் குளிர்ச்சியில் மரத்துக்குள் அழுத்தம் அதிகமாக இருக்கும். அப்போது வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். அதனால்தான் உங்கள் பாட்டிமார் இருட்டிலேயே எழுந்து, சோறு பொங்கி வைத்து, தூங்குகிற பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடினார்கள். படம் எடுத்தவருக்கு அந்தத் துளி ஓர் அழகு. அம்மாவுக்கு அது அன்றைய கூலி. மழை வந்து மங்கில் தண்ணீர் விழுந்தால் அதுவும் போச்சு.

தூரத்துக்குப் போக வேண்டாம். 1999-இல் "அன்னா அண்டு தி கிங்" என்ற ஹாலிவுட் படம் வந்தது. சயாம் தேசத்து ராஜா கதை. தாய்லாந்து அரசாங்கம் அங்கே படம் பிடிக்க அனுமதி கொடுக்கவில்லை. உடனே நம் ஈப்போவில் அரண்மனை அரங்கம் எழுப்பிவிட்டார்கள்! கீழ்த்திசை நாடு என்றால் ஆறு, தென்னை, யானை, குனிந்து நிற்கும் கூட்டம். அவ்வளவு போதும் அவர்களுக்கு. சயாம் ஆனாலென்ன, பேராக் ஆனாலென்ன?

வெள்ளைக்காரரை மட்டும் சொன்னால் நியாயமாகாது. "உலகம் சுற்றும் வாலிப"னில் தாய்லாந்துப் பெண் ஒருத்தி நம் கதாநாயகனைப் பார்த்து மயங்கினாள். நாம் கைதட்டினோம். அவள் ஊர் ஜனங்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று கேட்டோமா? 2007-இல் "பில்லா" படக்குழு மலேசியாவுக்கு வந்தது. உயர்ந்த கட்டடங்களும் பத்துமலையும் பளபளத்தன. தோட்டத்து வாழ்க்கைக்கு அதில் இடமில்லை.

மாற்றிக் காட்டியவர்களும் உண்டு. 2016-இல் பா. இரஞ்சித்தின் "கபாலி", துப்பாக்கிச் சண்டைகளுக்கு நடுவிலேயும் தோட்டத் தொழிலாளர் உரிமையைப் பேசியது. அதற்கு முந்தைய ஆண்டு நம் நாட்டுக் கலைஞர் சஞ்சய் குமார் பெருமாள் "ஜகாட்" எடுத்தார். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துச் சிறுவனின் கதை. 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதைப் பெற்றது. அதில் நம் வீட்டுக் கதையை நம் ஆளே சொன்னார்.

நம்ம லூமுட்டையே பாருங்கள். பங்கோர் தீவு விளம்பரப் படத்தில் நீலக் கடலும் வெள்ளை மணலும் இருக்கும். கொளுத்தும் வெயிலில் நெத்திலி காயப்போடுகிறவர் கை அதில் தெரிகிறதா? ஆகவே செல்வங்களே, எந்த அழகான காட்சியைப் பார்த்தாலும் ரசியுங்கள். ரசித்துவிட்டு, "இங்கே வேலை செய்கிறவர் எங்கே?" என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

இந்தக் கேள்வியை நாளைக்குத் தள்ளிப் போடாதீர்கள். ரப்பர் நின்ற நிலங்களில் இன்று செம்பனை நிற்கிறது. மங்கைக் கையால் தொட்டறியாத பிள்ளைகள் இங்கே நிறையப் பேர். என் தாயார் இப்போது இல்லை. எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எத்தனை மரம் வெட்டினீர்கள், அட்டை கடித்தால் என்ன செய்தீர்கள் என்று நான் கேட்காமலே விட்டுவிட்டேன். அந்தக் குறை எனக்குச் சாகும்வரை இருக்கும். உங்களுக்கு அது வேண்டாம்.

பரிசாகப் புதிய நோட்டுப் புத்தகம் கிடைத்திருக்கிறது அல்லவா? இன்று ராத்திரி பாட்டியிடம் போய் உட்காருங்கள். அவர் சொல்லச் சொல்ல முதல் பக்கத்தில் எழுதுங்கள். இல்லாவிட்டால் நாளைய உலகத்துக்கு நம் தோட்டத்தைப் பற்றி மிஞ்சப் போவது, நடுராத்திரியில் பால் சொட்டும் அந்தப் பொய் மரம் ஒன்றுதான்.